கோட்டையில் தங்கப் போகிறவர்களே, அறையைக் கேட்டு வாங்குங்கள்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஊரிலிருந்து தில்லிக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ஆர்.கே.புரம், மயூர் விஹார், கரோல் பாக் என்று தில்லித் தமிழர்கள் இருக்கும் இடங்களில் டிசம்பர் கடைசி வாரம் எல்லா வீட்டு ஹாலிலும் பாய் விரித்திருக்கும். குதுப் மினார், செங்கோட்டை, ஆக்ரா எல்லாம் ஆன பிறகு அடுத்த கேள்வி வரும்: "பழைய அரண்மனையிலேயே தங்கலாமாமே, அங்க ஒரு நாள் போவோமா?" தாராளமாகப் போகலாம். தில்லியிலிருந்து ஆறு மணி நேரப் பயணத்துக்குள் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை முதல் 19ஆம் நூற்றாண்டு வணிகர் ஹவேலி (முற்றம் வைத்த பெரிய வீடு) வரை தங்குவதற்குக் கிடைக்கின்றன. பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காலத்துக்கும் நினைவிருக்கிற மாதிரி ஓர் இரவு அமையும். ஆனால் நெடுஞ்சாலை ஓட்டலைப் பதிவு செய்வதுபோல "ரெண்டு டபுள் ரூம்" என்று போட்டுவிட்டுப் போனால், அம்மாவுக்கு முழங்கால் வலியும் அப்பாவுக்கு இருமலும்தான் மிஞ்சும்.

காரணம் எளிது. இந்தக் கட்டடங்களில் ஓர் அறையைப் போல இன்னோர் அறை இருக்காது. ஒன்று அந்தப்புரமாக இருந்திருக்கும், ஒன்று தானியக் கிடங்கு, ஒன்று காவல்காரர்கள் நின்ற கொத்தளம், இன்னொன்று குதிரை லாயம். ஒரே விலைப் பட்டியலில் இருக்கிற இரண்டு அறைகளில் ஒன்று வெயிலும் காற்றும் வந்து சொர்க்கமாக இருக்கும். மற்றது ஜன்னலே இல்லாமல் மூச்சு முட்டும். இணையத்தில் காட்டுகிற படம் பெரும்பாலும் அவற்றில் நல்லதாக உள்ள ஒன்றின் படம். அதனால் கோட்டையின் பேரைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். எந்த அறை, அதன் பெயர் என்ன, எந்த மாடம், எந்தத் திசை என்று கேட்டு, அதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கட்டுங்கள். ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில் இருக்கும் நீம்ரானா கோட்டை போன்ற இடங்களில் ஒவ்வோர் அறைக்கும் தனிப் பெயர் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர்களுக்கும் புரியும்.

இவை எப்படித் தங்குமிடங்கள் ஆயின என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்துவிடும். ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957இலும் உதய்ப்பூர் ஏரி நடுவே இருக்கும் ஜக் நிவாஸ் 1963இலும் ஓட்டல்களாயின. 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம், முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தியது. அதன் பிறகு ஓட்டை ஒழுகலைச் சரிசெய்யவே கைப்பணம் தேவைப்பட்டதால், பெரிய அரண்மனைகளுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கோட்டைகளும் ஜாகீர்தார் (நிலப்பிரபு) மாளிகைகளும் விருந்தினருக்குக் கதவைத் திறந்தன. தில்லிக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான நீம்ரானா கோட்டை 1464இல் எழும்பியது. இடிபாடாகக் கிடந்ததை 1986இல் அமன் நாத்தும் ஃபிரான்சிஸ் வாக்ஸியார்க்கும் வாங்கிப் பழுது பார்த்து, 1991இல் சில அறைகளோடு திறந்தார்கள். பிறகு பகுதி பகுதியாக வளர்ந்தது. ஓர் இடத்தைக் குடும்பத்தார் நடத்துகிறார்களா, நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குத்தகை முடிந்தால் ஓட்டலும் போய்விடும். பட்டோடி அரண்மனை 2005 முதல் 2014 வரை இப்படித் தங்குமிடமாக இருந்து, பிறகு குடும்பத்திடமே திரும்பிவிட்டது. இன்னும் அங்கே தங்கலாம் என்று எழுதிக்கொண்டிருக்கும் பழைய பட்டியல்கள் உண்டு.

எது நிஜமாகப் பழையது

நெடுஞ்சாலை ஓரமெங்கும் 'ஹவேலி', 'கட்' (கோட்டை), 'மஹால்' என்ற பெயரில் பத்து வருஷத்துக் கான்கிரீட் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றில் தங்குவது தவறில்லை. விலை மட்டும் பழங்கட்டட விலையாக இருக்கக்கூடாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய ஓட்டல் வகைப்பாட்டில் அடிப்படைப் பிரிவுக்கே 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். 'கிளாசிக்', 'கிராண்ட்' பிரிவுகளுக்கு 1935க்கு முன். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்கலாம். சான்று வாங்காத நல்ல வீடுகளும் இருப்பதால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதே மேல்.

முதலில் ஜன்னல் ஆழத்தைப் பாருங்கள். இன்றைய செங்கல் சுவர் ஒன்பது அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர். பழைய கல்சுவர் 45 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பது அரிது. கோட்டையின் வெளிச்சுவர் என்றால் ஒரு மீட்டரையும் தாண்டும். ஜன்னல் திண்டில் ஓர் ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்த படம் இருந்தால் சுவர் பழையது. அடுத்து, எல்லா அறைகளும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்றால் அது புதுக் கட்டடம், அல்லது பழைய கோட்டைக்குப் பின்னால் சேர்த்த புது வரிசை. இந்தப் புது வரிசைதான் பலரும் கவனிக்காத இடம். முன்வாசல் 300 வருஷம் பழையதாக இருக்கும், நமக்குக் கொடுத்த அறை போன வருஷம் கட்டியதாக இருக்கும். "அறை பழைய பகுதியிலா, புதுப் பகுதியிலா?" என்ற ஒற்றைக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் புதுப் பகுதியே நல்லது. தெரிந்து எடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

பழைய தில்லியின் ஹவேலிகளில் லக்கோரிச் செங்கல்லைத் தேடுங்கள். ஓர் அங்குலத்தை ஒட்டிய தடிமனில் சப்பையாக இருக்கும். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்த்த சாந்தில் அடுக்கியிருப்பார்கள். அந்தச் சாந்தில் வெல்லமும் உளுந்தும் வில்வக்காய்ச் சாறும் சேர்த்த வழக்கம் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய பளபளப்புச் சுவரைப் பார்த்தவர்களுக்கு ராஜஸ்தானத்து 'அராய்ஷ்' பூச்சு உடனே பழக்கமானதாகத் தோன்றும். மெல்லிய சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. தொட்டால் சில்லென்று கண்ணாடி மாதிரி வழுக்கும்.

படிக்கணக்கு

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, படி. நீம்ரானா மலைச்சரிவில் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகளாக ஏறிப் போகிற கோட்டை. அழகே அதுதான், கஷ்டமும் அதுதான். இன்றைய வீட்டுப் படியின் உயரம் 15 முதல் 17 சென்டிமீட்டர். கோட்டைப் படி 20 முதல் 25 சென்டிமீட்டர் இருக்கும், அதுவும் ஒன்றுபோல இருக்காது. எதிரி வேகமாக ஏறி வரக்கூடாது என்பதற்காகத் திருப்பங்களும் குறுகல்களும் வைத்துக் கட்டியவை, கைப்பிடி கிடையாது. 12 மீட்டர் உயரத்தில் அறை இருந்தால் ஏறக்குறைய 55 படிகள். அதை ஒரு தரம் ஏறினால் முடிந்துவிடாது. இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம், சாயங்காலம் மாடியில் உட்காருவது என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை ஏறி இறங்க வேண்டிவரும்.

தொலைபேசியில் இப்படிக் கேளுங்கள்: "காடி சே கம்ரே தக் கித்னி சீடியாங்? கம்ரே சே டைனிங் ஹால் தக் கித்னி?" (காரிலிருந்து அறை வரை எத்தனை படி? அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை எத்தனை?) எண்ணிக்கை சொல்லச் சொல்லுங்கள். "தோடா சா ஹை" (கொஞ்சம்தான்) என்ற பதிலை ஏற்காதீர்கள். பொறுமையான ஊழியராக இருந்தால் நடந்து எண்ணியே சொல்வார். இரண்டு எண்களும் சேர்ந்து முப்பதுக்குள் இருந்தால் எழுபது வயதுக்காரர்களுக்குச் சரிப்படும். நீம்ரானா மாதிரி பெரிய கோட்டை வேண்டாம் என்றால், அல்வர் அருகே கேஸ்ரோலி குன்றுக்கோட்டை அளவில் சிறியது, சுற்றி வயல்கள். அங்கேயும் வாசலிலிருந்து ஏற்றம் உண்டு என்பதால் கேள்வி அதேதான்.

பழைய வாசல்கள் தாழ்வானவை. ஐந்தடியிலிருந்து ஐந்தரை அடி உயரம்தான். கீழே ஓர் அடிவரை உயர்ந்த நிலைப்படி. தலையைக் குனிந்தால் கால் தடுக்கும், காலைப் பார்த்தால் தலை இடிக்கும். இரவில் எழுந்து போகிறவர்களுக்காகச் செருகுகிற சின்ன இரவு விளக்கு ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். அறுபது எழுபது ரூபாய்ச் சாமான், அந்த இரவில் அதைவிட உதவியானது எதுவும் இல்லை.

சின்னக் குழந்தைகள் என்றால் கைப்பிடிச் சுவர்தான் கவலை. இன்றைய விதிப்படி மாடிக் கைப்பிடிச் சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்க வேண்டும். பழைய ஜரோக்காக்களின், அதாவது சுவரிலிருந்து வெளியே நீண்ட ஜன்னல் மாடங்களின், விளிம்பு, தரையில் திண்டு போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டியது. முழங்கால் உயரம்தான் இருக்கும். நாலு வயதுப் பிள்ளை அதன்மேல் ஏறி நிற்க ஒரு நொடி போதும். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கும் முன் ஜன்னல்களையும் மாடத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். விளிம்பு தாழ்வாக இருந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கே வேண்டாம்.

கல்சுவரும் குளிரும்

தடித்த கல்சுவர் கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அரை மீட்டருக்கு மேல் தடிமனான சுவரில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வர எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மே மாதம் மேற்குச் சுவர் மாலை நாலு மணிக்கு வாங்கிய சூடு நடுராத்திரி தாண்டி அறைக்குள் இறங்கும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், சுவர்ப் பக்கம் திரும்பினால் முகத்தில் அனல் அடிக்கும். கோடையில் போவதானால் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்த, மேலே இன்னொரு தளம் இருக்கிற அறையைக் கேளுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை வேண்டாம். சில ஹவேலிகளில் 'தெஹ்கானா' என்ற நிலவறை உண்டு. பகலில் அதைவிடக் குளிர்ச்சியான இடம் கிடையாது, ஈர வாடை இல்லையென்றால்.

ஜனவரியில் கதை வேறு. வாரக்கணக்கில் வெயில் படாமல் ஜில்லிட்டுப் போன கல், இரவில் ஹீட்டர் போட்டாலும் சூடேறாது. காற்று சூடாகும், பதினான்கு அடி உயரக் கூரைக்குப் போய்விடும், படுக்கை குளிர்ந்தே இருக்கும். ராஜஸ்தானத்தில் அல்வர், ஷேகாவதிப் பக்கம் இரவில் 5 டிகிரி சாதாரணம். எண்ணெய் நிரப்பிய ஹீட்டரைப் படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். கல் உடம்புச் சூட்டை இழுக்கும். ஜெய்ப்பூர் ரஜாய் (பஞ்சுப் போர்வை) மெத்தென்று லேசாக இருக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று போதாது. இரண்டாவதைச் சாயங்காலமே கேட்டு வாங்கிவிடுங்கள். குல்லாவும் காலுறையும் படுக்கையிலும் வேண்டும். 

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கரி போட்ட அங்கீட்டி (கணப்பு அடுப்பு) கொண்டுவந்து வைத்தால், முற்றத்தில் வைத்துக் குளிர்காயுங்கள். அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கக்கூடவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். தணல் அவிந்த மாதிரி இருந்தாலும் ஆபத்துதான்.

மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, பார்க்க வேண்டியது சுவரின் கீழ் ஒரு மீட்டர். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள் நிற்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். உள்ளே வந்த ஈரம் காற்றில் வெளியேறிவிடும். சரியாகத் தெரியாதவர்கள் அதன் மேல் சிமென்ட் பூசி எண்ணெய்ப் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து உதிரும். தங்கியவர்கள் போட்ட படங்களில் கட்டிலுக்குப் பின்னால், அலமாரி ஓரத்தில் இந்தக் கொப்புளம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் ஆஸ்துமாக்காரர்கள் அந்த இடத்தைத் தவிர்ப்பது நல்லது. அகர்பத்தியும் ரூம் ஸ்பிரேயும் தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

குளியலறை ஏன் அப்படி இருக்கிறது

பழங்கட்டடத்தில் அறையோடு ஒட்டிய குளியலறை என்பது பிற்காலத்தில் நுழைத்தது. கல் பலகைத் தளத்தை வெட்டிக் குழாய் பதிக்க முடியாது, வெட்டினால் தளமே பலவீனமாகும். அதனால் தரைமேல் குழாயை ஓட்டி, அதற்கு மேல் புதுத் தளம் போட்டு உயர்த்தியிருப்பார்கள். குளியலறைக்குப் போக ஒன்றிரண்டு படி ஏற வேண்டியிருப்பது இதனால்தான். கழிவுக் குழாய்க்குப் போதிய சரிவு கிடைக்காமல் தண்ணீர் மெதுவாக வடிவதும் இதனால்தான். ஒரு வாளியை ஒரேயடியாகக் கொட்டாமல் விட்டு விட்டுக் குளித்தால் தண்ணீர் தேங்காது. வடிகாலிலிருந்து வாடை வந்தால், பல நாள் ஆளில்லாமல் கிடந்து அதன் நீரடைப்பு வற்றியிருக்கும். இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

வெந்நீர்க் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான அறைகளில் 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். ஜனவரியில் 15 டிகிரியில் வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 24 நிமிஷம். அதில் குளிர்ந்த நீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் 27 லிட்டர், அதாவது ஒன்றரை வாளி. ஆக ஒரு கீசர் ஓர் ஆளுக்கு. நாலு பேர் வரிசையாகக் குளிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அல்லது இருவர் இரவே குளித்துவிடுங்கள். பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியே வருகிற இடங்களில் முதல் சில லிட்டர் குளிர்ந்தே வரும், பிறகு திடீரென்று கொதிக்கும். குழந்தையை நிறுத்தும் முன் கையை நீட்டிப் பாருங்கள். மேல்தள அறைகளில் ஷவர் சொட்டும். தொட்டிக்கும் ஷவருக்கும் மூன்று மீட்டராவது உயர வித்தியாசம் இருந்தால்தான் தண்ணீர் வேகமாக விழும், அழுத்த மோட்டார் இருந்தால் தவிர. வாளியும் மக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; கேட்டால்தான் தருவார்கள்.

கீசரையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் 'டப்'பென்று விளக்கு அணையும். 16 ஆம்பியர் இணைப்பு தாங்குவது ஏறக்குறைய 3.7 கிலோவாட், இரண்டும் சேர்ந்தால் 4. ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஹீட்டரும் ஏசியும் ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டும்தானா என்பதையும் முன்பே கேட்டுவிடலாம். செல்போன் சிக்னல் தடித்த சுவருக்குள் வராது. இன்சுலின் போடுகிறவர்களோ இதய நோய் உள்ளவர்களோ இருந்தால் அறையில் இன்டர்காம் வேலை செய்கிறதா என்று வந்தவுடன் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். நெருப்பு என்றால் இறங்க இரண்டாவது வழி எது என்பதையும் அப்போதே ஊழியரிடம் நடந்து காட்டச் சொல்லுங்கள். மரப்படிக்கட்டு ஒன்றே வழி என்றால் பெரியவர்களோடு அங்கே மேல்தளத்தில் தங்காதீர்கள்.

சாப்பாடு

லால் மாஸ், கேர் சாங்கரி, கட்டே, தால் பாட்டி சூர்மா போன்ற ராஜஸ்தானத்துச் சாப்பாடு எல்லாம் அங்கேதான் சாப்பிட வேண்டும். ஆனால் ரஜாய்க்குள் நடுங்குகிற எண்பது வயதுப் பாட்டிக்கு வேண்டியது சூடான சாதமும் தயிரும். "சாதா சாவல், தஹி, பினா மிர்ச் கி தால்" (வெறும் சாதம், தயிர், மிளகாய் இல்லாத பருப்பு) என்று மதியமே சொல்லிவைத்தால் குழையக் குழைய வைத்துத் தருவார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கேட்டால் ஜீரா ரைஸ்தான் கிடைக்கும். பருப்புப் பொடி, நார்த்தங்காய், ஒரு சின்ன டப்பா நெய் பையில் இருக்கட்டும். சமையல்கட்டு ஒரு கோடியிலும் நம் அறை நாலு தளம் மேலேயும் இருந்தால் வரும் வழியில் எல்லாம் ஆறிவிடும், ஆகவே முடிந்தவர்கள் கூடத்துக்குப் போய்ச் சாப்பிடுங்கள். ஓட்டுநருக்குத் தங்க இடமும் சாப்பாடும் உண்டா என்று கேட்க மறக்காதீர்கள். குளிர் இரவில் அவரைக் காரில் தூங்கவிடுவது நியாயமில்லை.

எப்போது, எவ்வளவு

வடக்கே நவம்பரை ஒட்டி வரும் தேவ் உத்தானி ஏகாதசிக்குப் பிறகு கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கும். அந்த நாட்களில் கோட்டையின் பாதியை ஒரே குடும்பம் எடுத்துக்கொள்ளும். டோல் மேளச் சத்தம் நடுராத்திரி வரை முற்றத்தில் எதிரொலிக்கும். நமக்கு மார்கழி எப்படியோ அவர்களுக்கு 'கர்மாஸ்' அப்படி. டிசம்பர் நடுவிலிருந்து சங்கராந்தி வரை கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதத்தில், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான நாட்களைத் தள்ளிவிட்டால், கோட்டைகள் அமைதியாக இருக்கும். கிறிஸ்துமஸ் இரவும் டிசம்பர் 31உம் பல இடங்களில் விருந்துக் கட்டணம் கட்டாயம். அறை வாடகையில் தெரியாது, பில்லில் வரும். மற்ற நாட்களிலும் "அன்று கல்யாண புக்கிங் இருக்கிறதா?" என்று கேட்டு, இருந்தால் முற்றத்தைப் பார்த்த அறை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வரிக் கணக்கும் பார்க்கத் தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆகவே 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770, 7,600 ரூபாய் அறை 8,968. எல்லையை ஒட்டிய விலை என்றால் வார நாளுக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் 7,500க்குள் இறங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூட இருந்தால், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும் பாஸ்போர்ட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் ஓட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் 'ஃபார்ம் சி' என்ற படிவத்தைப் பதிய வேண்டும்.

ஊரைவிட்டுப் போக நேரமில்லாதவர்களுக்குப் பழைய தில்லிக்குள்ளேயே ஹவேலி தர்மபுரா இருக்கிறது. 1887இல் கட்டிய வீடு. சிதைந்து கிடந்ததை மீட்டதற்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்புக் குறிப்பு பெற்றது. முற்றத்தைச் சுற்றி அறைகள், மாடியிலிருந்து ஜாமா மஸ்ஜித். காரில் போய் இறங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சாந்தினி சௌக் பிரதான சாலையில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. சந்துக்குள் எந்த நேரமும் கார் நுழையாது. சாவ்ரி பஜார் மெட்ரோவில் இறங்கி சைக்கிள் ரிக்ஷா பிடியுங்கள், பெட்டி ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். விடியற்காலை பாங்கு ஓசை கேட்கும், சந்து விழித்துக்கொள்ளும். தூக்கம் லேசானவர்கள் உள்முற்றத்தின் கீழ்த்தள அறையைக் கேட்கலாம்.

ஷேகாவதிக்கு, மண்டாவா, நவல்கட் பக்கம், போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மண்டாவாக் கோட்டை 1755இல் எழுந்தது. அதைச் சுற்றி மார்வாரி வணிகர்கள் கட்டிய ஹவேலிகளின் சுவரெல்லாம் சித்திரம். பழையவற்றை ஈரச் சுண்ணாம்பிலேயே தீட்டியிருப்பார்கள், வண்ணம் பூச்சுக்குள் இறங்கி நிற்கும். பின்னாளில் உலர்ந்த சுவரில் தீட்டியவை கைபட்டாலே உதிரும். பெட்டியைச் சுவரில் சாய்க்காதீர்கள், முதுகைச் சாய்த்துப் படம் எடுக்காதீர்கள், தூசி என்று ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். ஒரு தலைமுறையின் கைரேகை போதும், இருநூறு வருஷத்து யானை வரிசை அழிந்துபோகும். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். சொன்னால் பெரியவர்களைவிட அவர்கள் ஒழுங்காகக் கேட்கிறார்கள்.

குரங்குகள் பல கோட்டைகளில் உண்டு. ஜன்னலைத் தாழிடாமல் வெளியே போகாதீர்கள், கையில் தின்பண்டத்தோடு மாடியில் நடக்காதீர்கள். ஜரோக்காவின் அடியில் மலைத்தேனீக் கூடு தொங்கினால் அந்தப் பக்கம் புகையோ கல்லோ போகக்கூடாது, ஊழியரிடம் சொல்லி வேறு மாடத்துக்குப் போய்விடுங்கள்.

பயண நேரம் பற்றிக் கொஞ்சம். நீம்ரானா தில்லியிலிருந்து 122 கிலோமீட்டர், ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையில். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் குருகிராமைத் தாண்டுவதற்கே பொழுது போய்விடும். சனிக்கிழமை காலை கிளம்பி, மதியம் பன்னிரண்டுக்குப் போய்ச் சேருங்கள். அறை இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும் என்றாலும் பெட்டியைக் கொடுத்துவிட்டு வெயில் இருக்கும்போதே கோட்டையைச் சுற்றிவிடலாம். மூடுபனி நாட்களில், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும், பத்து மணிக்கு முன் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். அல்வர், கேஸ்ரோலி போகிறவர்களுக்கு 2023இல் திறந்த சோஹ்னா–தௌசா விரைவுச்சாலை வசதி. கார் ஓட்ட விருப்பமில்லையென்றால் அஜ்மீர் சதாப்தி காலையில் தில்லியிலிருந்து கிளம்பி அல்வரில் நிற்கும், அங்கிருந்து வண்டி அனுப்பச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள். திரும்பும்போது ஞாயிறு மாலை நெரிசலில் மாட்டாமல் இருக்க, காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து, ஒரு மணிக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள். மானேசருக்கு முன்பே மதியச் சாப்பாட்டை முடித்தால் நாலு மணிக்குள் வீட்டில் இருக்கலாம்.